இந்தியத் தேனீக்கு எந்த ராணிக் கூண்டு வாங்குவது?

புதுப்பெட்டி (குலசேகரம்)
அக்டோபர் 19, இரவு 8:10

அனைவருக்கும் வணக்கம். ரப்பர் தோட்டத்தில் நியூட்டன் என்ற வகை மரத் தேன்பெட்டி 14 வைத்திருக்கிறேன். எல்லாம் இந்தியத் தேனீதான். வளர்க்கத் தொடங்கி இது மூன்றாவது ஆண்டு. போன ஆண்டு கூட்டம் பிரித்தபோது ஐந்தில் இரண்டுதான் தேறியது. மற்ற மூன்றிலும் முதலில் ராணி போனது, பின்னாலேயே தேனீயும் போனது. கடைசியில் மெழுகுப்பூச்சி குடியேறியது. இந்த முறை ராணிக் கூண்டு வாங்கி ஒழுங்காகச் செய்யலாம் என்று இருக்கிறேன்.

இணையக் கடையில் பார்த்தால் தலை சுற்றுகிறது. ஒன்று முடி சுருட்டும் உருளை மாதிரி இருக்கிறது. ஒன்று நீண்ட கழுத்தோடு தட்டையான பிளாஸ்டிக். இன்னொன்று மரக்கட்டையில் மூன்று குழி தோண்டி மேலே வலை அடித்தது. இவை போக, பெண்கள் கொண்டையில் மாட்டுவது போன்ற ஒரு கவ்வி. அது ராணியைப் பிடிக்கவாம். தட்டைக் கூண்டை 50 எண்ணமாக வாங்கினால் விலை பாதியாகக் குறைகிறது. வாங்கிவிடலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கொங்குத்தேனீ (பொள்ளாச்சி)
அக்டோபர் 19, இரவு 9:02

தயங்காமல் வாங்குங்கள். தென்னந்தோப்பில் 60 பெட்டி இத்தாலியத் தேனீ வைத்திருக்கிறேன், எனக்குத் தட்டைக் கூண்டுதான் கைக்கு வாகு. கழுத்தில் சர்க்கரைக் கலவையை அடைத்து, ராணியை உள்ளே விட்டு, தேனீ அடை கட்டும் மரச்சட்டம் இரண்டுக்கு நடுவில் செருகினால் வேலை முடிந்தது. தேனீக்கள் கலவையைத் தின்று வழி திறப்பதற்குள் புது ராணியின் மணம் பெட்டி முழுக்கப் பழகிவிடும்.

கவ்வியும் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ராணியை விரலால் பிடிக்கப் போய் வயிற்றை நசுக்கியவர்களை எனக்குத் தெரியும். அதில் ஒருவன் நான்தான்.

சிற்றாறு அக்கா (குமரி மாவட்டம்)
அக்டோபர் 20, காலை 6:15

மக்களே, பணத்தைக் கட்டிவிடாதீர்கள்.

பொள்ளாச்சித் தம்பி சொல்வது அவர் தேனீக்குச் சரி. கடையில் கிடைக்கும் கூண்டுகள் பெரும்பாலும் இத்தாலியத் தேனீயின் உடம்பை அளந்து செய்தவை. நம் அடுக்குத் தேனீ, அதாவது இந்தியத் தேனீ, அதைவிடச் சிறியது. அதிலும் சமவெளித் தேனீ மலைத் தோட்டங்களில் இருக்கும் அடுக்குத் தேனீயைவிடவும் சிறியது. ராணி தேன் அறைக்கு ஏறாமல் இருக்கப் போடும் தடுப்புத் தகட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். இத்தாலியத் தேனீக்கான தகட்டில் இடைவெளி 4.2 மி.மீ. அளவில் இருக்கும். அதை வாங்கி நம் பெட்டியில் போட்டால் ராணி மேலே ஏறி, தேன் அறையில் ஆற அமர முட்டையிட்டுவிட்டு இறங்கி வருவாள். அந்தக் கவ்வியும் அப்படித்தான். வேலைக்காரத் தேனீ நழுவி வெளியேறட்டும் என்று விட்ட சந்தில் நம் ராணியும் நழுவிவிடுவாள்.

அடுத்தது கனம். நியூட்டன் பெட்டியில் ஏழு சட்டமும் நெருக்கி நிற்கின்றன. இரண்டு அடைக்கு நடுவில் உள்ள சந்து ஒரு செண்டிமீட்டர்கூட வராது. அதில் எந்தக் கூண்டைச் செருகுவீர்கள்? ஒரு சட்டத்தை வெளியே எடுக்க வேண்டும், இல்லையென்றால் அடையில் குழி வெட்ட வேண்டும். வாங்குவதற்கு முன் அளவுகோலை எடுத்து உங்கள் பெட்டிக்குள் வைத்துப் பாருங்கள்.

அதைவிட முக்கியமான ஒன்று கேட்கிறேன். கூண்டு எதற்கு?

புதுப்பெட்டி
அக்டோபர் 20, காலை 7:40

எதற்கு என்றால், ராணி இல்லாத பெட்டிக்கு ராணி கொடுக்கத்தான் அக்கா. போன வாரம் பிரித்ததில் 9ஆம் பெட்டியில் ராணி இல்லை. ராணி அறையிலிருந்து வெளியே வந்த, இன்னும் ஆண் தேனீயோடு கலவாத கன்னி ராணியை என் கண்ணால் பார்த்தேன். அதன் பிறகு விடாத மழை. இப்போது ஆளைக் காணோம், முட்டையும் இல்லை. பக்கத்துத் தோட்டத்து அண்ணன் இரண்டு நலிந்த பெட்டிகளை ஒன்றாக்கப் போகிறார். அதில் மிஞ்சும் ராணியைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். முட்டையிடும் நல்ல ராணிதான்.

மற்றபடி காட்டில் பிடிக்கும் கூட்டத்துக்கும் உதவும் என்று நினைத்தேன்.

சிற்றாறு அக்கா
அக்டோபர் 20, மதியம் 1:30

அப்படியென்றால் இரண்டு வேலை. இரண்டுக்கும் ஒரே கூண்டு ஆகாது.

காட்டுக் கூட்டம் பிடிக்கும்போது ராணியை அடைப்பது, கூட்டம் ஓடிவிடாமல் இருக்க. மரப்பொந்திலிருந்து எடுத்த அடையை வாழைநாரால் சட்டத்தில் கட்டி, தேனீயை உள்ளே கொட்டி, ராணியை இரண்டு மூன்று நாள் அடைத்து வைத்தால் மற்றவை அவளை விட்டுப் போகா. இங்கே அவள் அவர்களுடைய சொந்த ராணி. யாரும் கடிக்கப் போவதில்லை. என் அப்பா தீப்பெட்டியில் ஊசியால் துளை போட்டு அதில்தான் வைப்பார். கூண்டே இல்லாமல் பெட்டி வாசலில் ராணித் தடுப்பு வாயிலை மாட்டினாலும் போதும்.

வேற்று ராணியைக் கொடுப்பது வேறு சங்கதி. அங்கே கூண்டு ராணியைத் தேனீக்களிடமிருந்து காப்பாற்ற வேண்டும். அதே நேரம் அவர்கள் உணர்கொம்பை நீட்டி அவளைத் தடவவும், நாக்கை நீட்டி ஊட்டவும் வழி இருக்க வேண்டும். துளை பெரிதானால் உயிருக்கு ஆபத்து. துளை மிகச் சிறிதானால் ஊட்ட முடியாது. நல்ல கூண்டுக்கும் கெட்ட கூண்டுக்கும் வித்தியாசம் அந்தத் துளையில்தான் இருக்கிறது.

மூன்றாவதாக ஒரு வேலையும் உண்டு, உங்களுக்கு இப்போது தேவையில்லை. 1991, 92 வாக்கில் தாய்லாந்து சாக்புரூட் வைரஸ் வந்து இந்த மாவட்டத்தையும் கேரளத்தையும் துடைத்துப் போட்டது. புழுக்கள் தண்ணீர்ப் பை போல ஊதிச் செத்துக் கிடக்கும். எங்கள் வீட்டில் 80 பெட்டி இருந்த இடத்தில் நான்கு மிஞ்சியது. அந்த நான்கிலும் அப்பா ராணியை இரண்டு வாரத்துக்கு மேல் அடைத்து வைத்தார். புதுப் புழு இல்லாவிட்டால் நோய்க்குத் தீனி இல்லை என்பது அவர் கணக்கு. அதற்குக் கூண்டு கொஞ்சம் விசாலமாக இருக்க வேண்டும்.

தச்சுப்பட்டறை (தக்கலை)
அக்டோபர் 20, இரவு 8:50

மரக்கூண்டைப் பற்றி யாருமே பேசவில்லையே என்று வந்தேன்.

மூன்று குழிக் கட்டைக்குப் பென்டன் கூண்டு என்று பெயர். 1880களில் ஃபிராங்க் பென்டன் என்ற அமெரிக்கர், சைப்ரஸ் பக்கத்து ராணிகளைக் கடல் கடந்து தபாலில் அனுப்பியபோது உருவாக்கிய வடிவம். ஆள் சாதாரணப்பட்டவர் இல்லை. பாறையிலும் உயர்ந்த மரத்திலும் கூடு கட்டும் பெரிய மலைத்தேனீயைப் பிடித்துப் பெட்டியில் வளர்க்கலாம் என்று நம்பி இலங்கைக்கும் இந்தியாவுக்கும் வந்து அலைந்திருக்கிறார். மலைத்தேனீ எவர் பெட்டிக்கும் வரவில்லை, அவர் கூண்டு மட்டும் உலகம் முழுக்கப் போய்விட்டது.

செய்வது எளிது. ஒரு சாண் நீளத்தில் பாதிக் கட்டை. 25 மி.மீ. துளைப்பானால் மூன்று குழி, ஒன்றோடொன்று ஒட்டி, அடிவரை போகாமல். ஓர் ஓரத்துக் குழியில் சீனிக் கலவை. மற்ற இரண்டிலும் ராணியும், துணைக்கு விடும் வேலைக்காரத் தேனீக்களான தோழிகளும். இரு முனைகளிலும் 10 மி.மீ. வாசல் துளை. மேலே வலை வைத்து ஆணி. கலவைக் குழியின் சுவரில் மெழுகை உருக்கித் தடவிவிட்டால் மரம் ஈரத்தை உறிஞ்சாது.

ஒரே ஓர் எச்சரிக்கை. பட்டறைகளில் கிடக்கும் ரப்பர் மரத் துண்டில் செய்யாதீர்கள். ரப்பர் மரம் புழு அரிக்காமல் இருக்கப் போராக்ஸ், போரிக் அமிலம் கலந்த மருந்து ஏற்றித்தான் வரும். பூச்சிக்கு விஷமான மரத்தில் ராணியைக் குடிவைக்கலாமா? அயனி மரமோ மா மரமோ போதும். எறியும் துண்டிலேயே ஐந்து கூண்டு வரும்.

கொங்குத்தேனீ
அக்டோபர் 20, இரவு 9:25

தச்சர் அண்ணன் சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மரத்தில் ஈரம் ஊறும், பூஞ்சை பிடிக்கும், ஒரு முறை நோய்ப் பெட்டியில் வைத்தால் அடுத்த முறை எரிக்க வேண்டும். பிளாஸ்டிக்கைச் சோப்புத் தண்ணீரில் போட்டுக் கழுவி வெயிலில் வைத்தால் முடிந்தது. ஒரே நாளில் 20 ராணி மாற்றுகிறவன் ஆணி அடித்துக்கொண்டிருக்க முடியாது.

அக்காவின் அளவுக் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் தட்டையை விடுங்கள், உருளைக் கூண்டு 10 மட்டும் வாங்குங்கள். அதன் துளைகள் மெல்லிய கீறல் போலத்தான் இருக்கும்.

கலவைக்கு என் கணக்கு: வீட்டு மிக்ஸியில் பொடித்த சர்க்கரை நான்கு பங்கு, தேன் ஒரு பங்கு. பூரி மாவைவிட இறுக்கமாகப் பிசைய வேண்டும். கேக் கடையில் விற்கும் பொடிச் சர்க்கரை வேண்டாம், அதில் சோளமாவு கலந்திருக்கும், தேனீக்கு வயிற்றுப்போக்கு வரும். தேன் உங்கள் பெட்டித் தேனாக இருக்கட்டும். கடைத் தேனில் எந்தப் பெட்டியின் நோய் இருக்கிறதோ யாருக்குத் தெரியும்.

சிற்றாறு அக்கா
அக்டோபர் 21, காலை 6:05

பொள்ளாச்சி வெயிலுக்குப் பூரி மாவு இறுக்கம் போதும். ஐப்பசி மழையில் குலசேகரத்தில் அந்த உருண்டை மறுநாளே இளகி வழியும். ராணியின் சிறகில் ஒட்டினால் அவள் கதை முடிந்தது. இங்கே பொடி இன்னும் அதிகமாகப் போட்டு, கையில் உருட்டினால் விரிசல் விடும் அளவுக்கு வேண்டும். கூண்டையும் கலவை மேலே வரும்படி நிமிர்த்தி வைக்காதீர்கள், ராணியின் தலைமேல் சொட்டும்.

கொங்குத்தேனீ
அக்டோபர் 21, காலை 7:11

கலவை கீழே வரும்படி வைத்தால் செத்த தோழி விழுந்து வாசலை அடைத்துக்கொள்ளும் அக்கா. அப்புறம் ராணி உள்ளேயே கிடக்க வேண்டியதுதான்.

சிற்றாறு அக்கா
அக்டோபர் 21, காலை 7:20

படுக்க வைத்து, கலவைப் பக்கத்தை ஒரு விரற்கடை உயர்த்துங்கள். அவ்வளவுதானே.

கொங்குத்தேனீ
அக்டோபர் 21, காலை 7:24

சரி, இதில் நீங்கள் சொல்வதே சரி.

மலையடிவாரம் (தாண்டிக்குடி)
அக்டோபர் 21, மதியம் 12:48

காப்பித் தோட்டத்தில் 25 பெட்டி. பதினைந்து ஆண்டாக ஒரு கூண்டும் வாங்கியதில்லை. ராணி இல்லாத கூட்டத்தை ராணி உள்ள கூட்டத்தோடு செய்தித்தாள் வைத்துச் சேர்த்துவிடுவேன். நடுவில் தாள், அதில் ஆணியால் நாலைந்து ஓட்டை. தாளைக் கடித்துக் குதறுவதற்குள் இரண்டு கூட்டத்துக்கும் ஒரே மணம் வந்துவிடும். குலசேகரத்துத் தம்பியும் ராணியை மட்டும் வாங்காமல் அந்த நலிந்த பெட்டியை அப்படியே கேட்டு வாங்கலாமே?

புதுப்பெட்டி
அக்டோபர் 21, இரவு 10:15

கேட்டேன் அண்ணன். ராணியைத் தருவார், தேனீயைத் தர மாட்டாராம். அவர் சேர்ப்பதே தேனீ எண்ணிக்கைக்காகத்தான்.

உருளைக் கூண்டு 10, கவ்வி ஒன்று பதிந்துவிட்டேன். வந்ததும் எழுதுகிறேன்.

புதுப்பெட்டி
அக்டோபர் 27, மாலை 6:30

நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

24ஆம் தேதி ராணி தோழிகளோடு தீப்பெட்டியில் வந்தது. தோழிகளை எடுத்துவிட்டால் நல்லது என்று எங்கோ படித்ததால், கட்டிலில் கொசுவலையை இறக்கி அதற்குள் உட்கார்ந்து தீப்பெட்டியைத் திறந்தேன். அது நன்றாகவே நடந்தது. ராணி பறந்து வலையின் மூலையில் போய் ஒட்டியது. உருளையின் வாயை அதன் மேல் வைத்ததும் தானே ஏறி உள்ளே போனது. கவ்வியைத் தொடவே இல்லை. 9ஆம் பெட்டியில் ஒரு சட்டத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கூண்டைக் கம்பியில் தொங்கவிட்டேன்.

இன்று மதியம் மழை விட்டதும் திறந்தேன். கலவை பாதிகூடக் கரையவில்லை. ஆனால் கூண்டுக்குள் ராணியைக் காணோம். அந்த இடத்தில் நெல்லிக்காய் அளவில் ஒரு தேனீ உருண்டை, உள்ளே. பத்துப் பதினைந்து தேனீ இருக்கும். ஒன்றை ஒன்று கவ்விக்கொண்டு அசையாமல், அடியிலிருந்து ஓர் ஊமை இரைச்சல் மட்டும் வந்தது. அதன் நடுவில் ராணியின் வால் நுனி தெரிந்தது.

பதற்றத்தில் கூண்டோடு தூக்கிக் குடிநீர்ப் பாத்திரத்தில் அமுக்கினேன். உருண்டை பிரிந்தது. ராணி உயிரோடு இருக்கிறது. வலது சிறகு பாதி கிழிந்துவிட்டது. இப்போது ஈரம் துடைத்துத் தீப்பெட்டியில் வைத்திருக்கிறேன். என்ன செய்வது?

தச்சுப்பட்டறை
அக்டோபர் 27, மாலை 6:52

தண்ணீரில் போட்டது நல்ல யோசனை. உருண்டையைக் கையால் பிரிக்கப் போனால் கொட்டும்போது ராணிக்கும் விழும்.

இன்னொன்று பாருங்கள். கூண்டுத் துளைகள் எல்லாம் ஒரே அளவா?

புதுப்பெட்டி
அக்டோபர் 27, இரவு 7:20

இல்லை அண்ணன். இப்போதுதான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன். அச்சு சரியாக வார்க்காமல் சில கீறல்கள் அகன்றிருக்கின்றன. பத்துக் கூண்டில் ஆறு இப்படி. அகன்ற கீறல் ஒன்றில் செத்த வேலைக்காரத் தேனீயை வைத்துத் தள்ளினேன். தலையும் மார்பும் தடங்கலில்லாமல் போய்விட்டன.

கொங்குத்தேனீ
அக்டோபர் 27, இரவு 7:45

தம்பி, வாங்கச் சொன்னவன் நான், வருத்தமாக இருக்கிறது. என்னிடம் இருப்பவற்றில் துளை ஒழுங்காக இருக்கும். இத்தாலியத் தேனீ அதில் நுழையவே நுழையாது. உங்களுக்கு வந்தது மலிவு நகல். தேனீயும் சிறியது, துளையும் பெரியது என்றால் கூண்டு எதற்கு.

சிறகைப் பற்றிக் கவலை வேண்டாம். அது முட்டையிடத் தொடங்கிய ராணி, இனிப் பறக்க வேண்டியதில்லை. நாங்கள் வேண்டுமென்றே நுனியை வெட்டிவிடுவதும் உண்டு.

சிற்றாறு அக்கா
அக்டோபர் 27, இரவு 8:30

எல்லாப் பழியையும் துளைமேல் போடாதீர்கள். மூன்று நாளாகியும் ராணியைக் கொல்ல உருண்டை கட்டுகிறார்கள் என்றால், அந்தப் பெட்டியில் நீங்கள் காணாத ஒருத்தி ஒளிந்திருக்கலாம். கன்னி ராணி சின்னவள், வெளிச்சம் பட்டால் ஓடுவாள், என் கண்ணுக்கே பல முறை தப்பியிருக்கிறாள். அவள் இருக்கும்வரை நீங்கள் எந்தக் கூண்டில் எந்த ராணியைக் கொடுத்தாலும் கொல்லத்தான் செய்வார்கள்.

அதனால் முதலில் பெட்டியைக் கேளுங்கள். வேறு நல்ல பெட்டியிலிருந்து முட்டையும் பொடிப் புழுவும் உள்ள சட்டம் ஒன்றைத் தேனீயைத் தட்டிவிட்டு 9ஆம் பெட்டியில் வையுங்கள். மூன்று நான்கு நாளில் அதில் ராணி அறை கட்டத் தொடங்கினால் ராணி இல்லை என்று பொருள். கட்டாமல் சும்மா இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறாள். ஓர் அறையில் இரண்டு மூன்று முட்டை, சுவரில் ஒட்டிய முட்டை என்று ஏதாவது கண்டால் உடனே சொல்லுங்கள். அது வேலைக்காரத் தேனீயே முட்டையிடத் தொடங்கிய அடையாளம். நம் தேனீயில் அது சீக்கிரமே வரும், வந்தால் ராணி கொடுப்பது வீண்.

அதுவரை ராணியைத் தனியாக வைக்காதீர்கள், இரவில் குளிர்ந்து போவாள். புழு உள்ள அடையிலிருந்து சாம்பல் மயிர் உதிராத இளந்தேனீ எட்டுப் பத்தை எடுத்துத் துணைக்கு விடுங்கள். இளசுகளுக்கு வேற்று ராணி என்ற பகை இல்லை. வலைமேல் தினம் ஒரு சொட்டுத் தண்ணீர், விரல் நுனியால்.

தச்சுப்பட்டறை
அக்டோபர் 27, இரவு 8:41

தீப்பெட்டியில் நான்கு நாள் வேண்டாம், அட்டை ஈரத்தில் ஊறிவிடும். என்னிடம் அயனிக் கூண்டு தயாராக இருக்கிறது. காலையில் பைக்கில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். காசு வேண்டாம், தேன் எடுக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

புதுப்பெட்டி
அக்டோபர் 28, இரவு 9:00

எடுத்துவந்துவிட்டேன், நன்றி அண்ணன். ராணியும் எட்டு இளந்தேனீயும் மரக்கூண்டில் இருக்கிறார்கள். அலமாரியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருட்டாக இருக்கிறது என்று வைத்தேன். எறும்பு வராமல் இருக்க, தண்ணீர்த் தட்டின் நடுவில் தம்ளரைக் கவிழ்த்து அதன் மேல். தோழிகள் ராணியைச் சுற்றி நின்று நக்குகிறார்கள். வீட்டில் எல்லோரும் நாளுக்கு நான்கு முறை எட்டிப் பார்க்கிறார்கள்.

சோதனைச் சட்டமும் வைத்துவிட்டேன்.

கொங்குத்தேனீ
அக்டோபர் 29, காலை 10:10

ராணி கூண்டில் இருக்கும்போதே முதுகில் ஒரு பெயிண்ட் புள்ளி வைத்துவிடுங்கள். உலக வழக்கப்படி ஆண்டின் கடைசி இலக்கம் 1, 6 என்றால் வெள்ளை, 2, 7 மஞ்சள், 3, 8 சிவப்பு, 4, 9 பச்சை, 5, 0 நீலம். அடுத்த முறை தேட வேண்டியதில்லை.

சிற்றாறு அக்கா
அக்டோபர் 29, காலை 10:32

அடி வாங்கிக் கிடப்பவளுக்கு இப்போது பொட்டு வேண்டாம் தம்பி. கிழிந்த சிறகே அடையாளம்.

புதுப்பெட்டி
நவம்பர் 1, மாலை 5:15

சோதனைச் சட்டத்தில் மூன்று ராணி அறை. ஒன்று நன்றாக நீண்டு தொங்குகிறது. வேறெங்கும் முட்டை இல்லை. ஆக, பெட்டியில் ராணி இல்லை. பழி துளையின் மேல்தான் அக்கா.

இப்போது மூன்று அறையையும் கிள்ளிவிட்டு இந்த ராணியைக் கொடுக்கலாமா? அல்லது அவர்களே வளர்த்துக்கொள்ளட்டும் என்று விடலாமா?

சிற்றாறு அக்கா
நவம்பர் 1, இரவு 7:00

வானத்தைப் பாருங்கள். அவர்களே வளர்த்தால் ராணி வெளியே வர இன்னும் ஒரு வாரமாவது ஆகும். பிறகு அவள் பறந்துபோய்க் கலந்து வர வெயிலுள்ள மதியம் வேண்டும். போன தடவை மழை எடுத்துக்கொண்டது இதைத்தான். அலமாரியில் கலந்து முடித்த ராணி இருக்கும்போது எதற்குச் சூதாட்டம்? கிள்ளிவிடுங்கள். கீழ் விளிம்பு, அடையின் பக்க ஓரம், ஓட்டைகளின் உள்வளைவு எல்லாம் விடாமல் பாருங்கள். ஒன்று தப்பினாலும் போயிற்று.

இந்த முறை அடையில் பதிக்கும் கூண்டு செய்யுங்கள். கடையில் தேட வேண்டாம். இரும்புக்கடையில் துத்தநாகம் பூசிய கம்பி வலை கேளுங்கள். செத்த தேனீ ஒன்றைப் பொட்டலமாகக் கொண்டுபோங்கள், வலையில் வைத்துத் தள்ளிப் பாருங்கள். தலை நுழையலாம், மார்பு நுழையக் கூடாது. கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

நான்கு அங்குலச் சதுரமாக வெட்டி, நான்கு மூலையிலும் முக்கால் அங்குலச் சதுரத்தை நீக்கிவிட்டு விளிம்புகளை மடக்கினால் மூடி போல வரும். விளிம்பில் இரண்டு வரிசைக் குறுக்குக் கம்பியை உருவிவிடுங்கள், நீளக் கம்பிகள் ஊசி போல நிற்கும். கறுத்த பழைய அடையாகத் தேர்ந்தெடுங்கள். வெள்ளை அடை கிழிந்து கையோடு வரும். வெளிவரும் தறுவாயில் உள்ள மூடிய புழு கொஞ்சம், தேன் அறை நாலைந்து, காலி அறை கொஞ்சம், மூன்றும் கூண்டுக்குள் அகப்பட வேண்டும். ராணியை மட்டும் உள்ளே விட்டு, அடையின் நடுத்தாள் தொடும்வரை அமுக்குங்கள். மேலோட்டமாக நின்றால் அடியில் சுரங்கம் போடுவார்கள். முக்கால் அங்குலத்தில் பாதி அடைக்குள் போய்விடுவதால் வெளியே நிற்கும் கனம் குறைவு, அந்தப் பக்கத்து அடையை மட்டும் கொஞ்சம் நகர்த்தினால் போதும்.

உள்ளே புதிதாகப் பொரித்து வரும் தேனீக்கு அவள்தான் முதலில் காணும் ராணி. அவையே ஊட்டும். இடம் இருப்பதால் முட்டையும் இடுவாள். முட்டையிடும் ராணியின் மணத்துக்கு முன்னால் வெளியே நிற்பவர்கள் அடங்கிப் போவார்கள்.

மலையடிவாரம்
நவம்பர் 1, இரவு 7:30

அக்கா, டீ வடிகட்டியைக் கவிழ்த்து வைத்தால் ஆகாதா? சும்மா கேட்கிறேன்.

சிற்றாறு அக்கா
நவம்பர் 1, இரவு 7:41

நானும் செய்திருக்கிறேன். வலை மிகப் பொடி என்பதால் வெளியிலிருந்து ஊட்ட முடியாது. உள்ளே தேன் அறை இருந்தால் ஒப்பேறும். மறுநாள் டீ குடிக்கிறவர்களிடம் சொல்லாதீர்கள்.

புதுப்பெட்டி
நவம்பர் 2, இரவு 8:20

வைத்துவிட்டேன். முதல் அடை நான் அமுக்கிய வேகத்தில் மூலையில் உடைந்தது. இரண்டாவது அடையில் சரியாக வந்தது. எத்தனை நாள் விடுவது? எப்படித் தெரிந்துகொள்வது?

சிற்றாறு அக்கா
நவம்பர் 2, இரவு 8:45

ஐந்து நாள் திறக்காதீர்கள். ஆறாம் நாள் வலைமேல் உட்கார்ந்திருக்கும் தேனீக்களைப் புல் நுனியால் ஒதுக்கிப் பாருங்கள். கம்பியைக் கவ்விக்கொண்டு நகர மறுத்தால் இன்னும் கோபம் தீரவில்லை, மூடிவிடுங்கள். ஈரத் துணியிலிருந்து எள் உதிர்வது போல எளிதாக விலகி, நாக்கை நீட்டி ஊட்டிக்கொண்டிருந்தால் கூண்டை எடுத்துவிடலாம். எடுத்த பின் ராணியைத் தேடாதீர்கள். ஒரு வாரம் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

புதுப்பெட்டி
நவம்பர் 8, மாலை 4:50

இன்று எடுத்தேன். புல்லால் தொட்டதும் விலகினார்கள். கூண்டுக்குள் முப்பது நாற்பது அறையில் முட்டை, எல்லாம் ஒன்றொன்று, அடியில் நட்ட நடுவில். ராணி நடந்து அடையின் மறுபக்கம் போனாள். இரண்டு தேனீ வழிமறித்தது, எனக்கு மூச்சு நின்றது. ஊட்டத்தான் வந்தார்கள்.

கொங்குத்தேனீ
நவம்பர் 8, மாலை 5:05

வாழ்த்துகள் தம்பி. அக்கா, அந்தக் கம்பி வலைக் கூண்டை நானும் இரண்டு செய்யப் போகிறேன், விலை கூடின ராணி வரும்போது மட்டும்.

புதுப்பெட்டி
நவம்பர் 16, காலை 11:30

ஒரு வாரம் பொறுத்துவிட்டுத் திறந்தேன். மூன்று சட்டத்தில் முட்டையும் புழுவும். நிமிர்ந்து நிற்கும் முட்டை, சாய்ந்தது, படுத்தது என்று மூன்று நாளும் வரிசையாகத் தெரிகிறது. கிழிந்த சிறகோடு நடுச் சட்டத்தில் நடந்துகொண்டிருந்தாள்.

செலவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். உருளைக் கூண்டு பத்தும் கவ்வியும் கூரியரோடு 480 ரூபாய். கம்பி வலை ஓர் அடி 60 ரூபாய், அதில் மூன்று கூண்டு வந்தது. மரக்கூண்டுக்கு ஒரு பாட்டில் தேன் கடன்.

கொங்குத்தேனீ
நவம்பர் 16, மதியம் 12:15

அந்த உருளைகளை எறிய வேண்டாம். ராணி அறைமேல் மாட்டி, பொரித்து வரும் ராணியைப் பிடித்து வைக்க எனக்கு உதவும். என் தேனீக்கு அந்த அகன்ற கீறலும் போதாது. பஸ் பார்சலில் பத்தையும் போடுங்கள், செலவு என்னுடையது.

புதுப்பெட்டி
நவம்பர் 16, மதியம் 12:40

ஒன்பதுதான் இருக்கிறது அண்ணன். ஒன்றைச் சின்ன மகள் எடுத்துக்கொண்டாள். பொம்மைக்கு முடி சுருட்டுகிறாளாம், அதற்கு அளவு மிகச் சரியாக இருக்கிறது.